தாமரைக்கு முளைத்த கைகள்

ஒத்தக்கடையிலிருந்து மேலூர் வரைக்கும் எந்த வீட்டுக் கல்யாண ஆல்பத்தை வேண்டுமானாலும் திறந்து பாருங்கள். மாப்பிள்ளை தெரிகிறாரோ இல்லையோ, ஜிகினா அண்ணன் வைத்த பூ தெரியும். தாலி ஏறுகிற நேரத்தில் ஒரு ஜோடி அன்னம் குறுக்கே நீந்தும். மாமனார் தலைக்குப் பின்னால் அருவி கொட்டும். ஒரு படத்தைக்கூட அது இருக்கிறபடி விட்டுவைத்த மனுஷன் இல்லை அவர். என் குடும்பத்தையும் விட்டுவைக்கவில்லை.

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் என்னவென்று கடை முதலாளிக்கே மறந்துபோயிருந்தது. ஆல்பமும் பிளக்ஸும் போடுகிற கடையில் அவர் டிசைனர். பக்கத்துக் கடையில் நான் விதையும் உரமும் விற்றுக்கொண்டிருந்தேன். அவருடைய கம்ப்யூட்டரில் ரோஜாவுக்கு ஒரு போல்டர், புறாவுக்கு ஒரு போல்டர், ரிப்பனுக்கும் முத்துக்கும் தனித்தனியாக ஒவ்வொன்று. படத்தின் மூலையில் ஒரு பூவை வைத்து, அதற்குக் கீழே லேசாக நிழல் போட்டு, நாற்காலியில் சாய்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார்.

"நெழல் போடாம பூ வச்சா எச்சியத் தொட்டு ஒட்டுன மாதிரி இருக்கும் மாப்ள. நெழல் விழுந்தாத்தான் அது அங்க இருக்குன்னு கண்ணு நம்பும்" என்பார்.

கண் நம்பியதோ இல்லையோ, சனங்கள் நம்பினார்கள். கிடா வெட்டு ஆல்பம் ஒன்றில், மாலை போட்டு நிற்கிற ஆட்டுக்கு இரண்டு வெள்ளை இறக்கைகளை வைத்துவிட்டார். வீட்டுக்காரர் கொதித்துப்போய் வந்தார். "சாமிக்குத்தானண்ணே விட்டிய? அப்ப மேலதான போயிருக்கும்?" என்று ஜிகினா அண்ணன் கேட்டதும், அந்த ஆள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அதே படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு வாங்கிக்கொண்டு போனார். இன்னொரு முறை கண்ணீர் அஞ்சலி பிளக்ஸில் கலர் கலராக பலூன் பறக்கவிட்டார். மகன்காரர் கடை வாசலில் நின்று கத்தினார்: "ஏய்யா, எங்கப்பா செத்திருக்காரா, பெறந்திருக்காரா?"

"பேரன் பேத்தி எல்லாம் பாத்துட்டுப் போயிருக்காரு. நீங்க கொட்டு அடிச்சு, வேட்டு போட்டுத்தான தூக்கப் போறிய? வேட்டு போடலாம், பலூன் விடக்கூடாதா?"

இதையெல்லாம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தவன்தான் நான். அடுத்தவன் வீட்டு ஆல்பம் என்றால் சிரிப்பு நன்றாகத்தான் வரும்.

என் அக்கா மகளுக்கு அழகர்கோவிலில் மொட்டை போட்டுக் காதுகுத்து. பிள்ளையை மடியில் வைத்துக் காது குத்த வேண்டிய தாய்மாமன் நான். பிளக்ஸும் ஆல்பமும் என் பொறுப்பு என்று நானாகவே ஏற்றுக்கொண்டு ஜிகினா அண்ணனிடம் கொடுத்தேன். எங்கள் பக்கத்தில் பிளக்ஸ் என்பது அழைப்பு மட்டும் அல்ல. யார் படம் எங்கே, எந்த அளவில், யாருக்குப் பக்கத்தில் என்பதில்தான் மரியாதை முழுவதும் இருக்கிறது. அதனால் அளவெல்லாம் சரி பார்த்துத்தான் கொடுத்தேன். அக்கா வீட்டுக்காரரின் அண்ணன் படம் மேலே பெரிதாக, என் படம் கீழே சிறிதாக. அதற்கு மேல் அவர் என்ன வைப்பார் என்று கேட்கத் தோன்றவில்லை.

விசேஷத்தன்று மண்டப வாசலில் பார்த்தால், என் தலைக்குப் பின்னால் வாயைப் பிளந்துகொண்டு ஒரு சிங்கம் நிற்கிறது. மச்சானின் அண்ணன் தோளில் ரோஸ் கலரில் ஒரு பட்டாம்பூச்சி உட்கார்ந்திருக்கிறது.

காது குத்தி முடிகிற வரை யாரும் வாய் திறக்கவில்லை. பந்தியில்தான் வெடித்தது. மச்சானின் அண்ணன் இலையில் கறி இருக்க எழுந்துவிட்டார். எங்கள் ஊரில் இதற்கு மேல் ஒரு அவமானம் கிடையாது. மச்சான் அக்காவைப் பார்த்துக் கத்தினார்: "ஒன் தம்பிக்குச் சிங்கம், எங்க அண்ணனுக்குப் பட்டாம்பூச்சியா? எங்க அண்ணே என்ன பொட்டப்புள்ளயாடி?"

"மச்சான், டிசைனர் வச்சது. சிங்கத்த எடுக்கச் சொல்லிருதேன்" என்றேன்.

"சாப்புட வந்த சனம் அம்புட்டும் பாத்த பெறகு எடுத்து என்ன, எடுக்காட்டி என்ன?"

அன்றோடு அறுந்தது. நிலத்துக்காகப் பிரிந்த குடும்பம் உண்டு, வேலித் தகராறில் வெட்டிக்கொண்ட குடும்பம் உண்டு. பட்டாம்பூச்சிக்காகப் பிரிந்தது எங்கள் குடும்பம்தான். மன்னிப்புக் கேட்டு இரண்டு தடவை போனேன். இரண்டு தடவையும் அக்கா ஜன்னலுக்குப் பின்னால் நின்றாள், கதவு திறக்கவில்லை. என் கல்யாணத்துக்கும் அவளை விடவில்லை. நாத்தனார் முடிச்சுப் போட ஒன்றுவிட்ட தங்கை ஒருத்தியைத் தேடிப் பிடித்தார்கள். மரியாதை, மரியாதை என்று இந்த மனிதர்கள் குதிக்கிற குதியில் மிதிபடுவது எப்போதும் ஒரு பெண்தான். அவர்களுக்கு அது உறைப்பதே இல்லை.

ஜிகினா அண்ணனிடம் நான் கேட்டது ஒரே கேள்வி. "ஏண்ணே அந்தப் பட்டாம்பூச்சி?"

"மொகம் சாந்தமா இருந்துச்சு மாப்ள. அழகா இருக்கட்டுமேன்னு வச்சேன்." உண்மையிலேயே அவருக்குப் புரியவில்லை. நான் எழுந்து வந்துவிட்டேன். அதன் பிறகு வெகு நாள் அவரோடு டீ குடிக்கவில்லை.

ஆல்பம் மட்டும் பாக்கி இருந்தது. ஒருநாள் மச்சானே கடைக்கு வந்து, எந்தப் பக்கத்திலும் என் முகம் இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். முதலாளியும் தலையாட்டிவிட்டார். மற்ற படங்களில் சிரமம் இல்லை. என் மேல் ஒரு ரோஜாக் கொத்தோ புறாவோ வைத்தால் போதும். அந்த வேலையில் ஜிகினா அண்ணன் கைதேர்ந்தவர். ஓடிப்போன மகள், உறவைத் தீர்த்துவிட்ட மருமகன், பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி என்று எத்தனையோ பேரை அவர் பூவுக்கு அடியில் புதைத்திருக்கிறார். ஆனால் காது குத்துகிற படத்தில் பிள்ளை உட்கார்ந்திருப்பதே என் மடியில்தானே?

சில நாள் கழித்து ஆல்பத்தைச் சரிபார்க்க வந்த மச்சான் போனதும் அவர் என்னைக் கடைக்குள் கூப்பிட்டார். கோபத்தோடுதான் போனேன். திரையில் நான் இல்லை. என் இடத்தில் பெரிய தாமரை ஒன்று விரிந்திருந்தது. அதன் நடுவில் மொட்டைத் தலையில் சந்தனத்தோடு பாப்பா அழுதுகொண்டிருந்தாள். அவள் இடுப்பைச் சுற்றி இரண்டு கைகள் மட்டும் இருந்தன. மணிக்கட்டில் பச்சைக் கொடி சுற்றி, தாமரைக்குள்ளிருந்து வருகிற மாதிரி செய்திருந்தார். அவை என் கைகள்.

"ஒன்னையத் தூக்கச் சொல்லிட்டாக மாப்ள. தூக்கிட்டேன்."

"இது என்னண்ணே?"

"ஒங்க மச்சானும் இதத்தான் கேட்டாரு. 'கைய எடுத்தா புள்ள விழுகுற மாதிரி இருக்கும்ணே, பொம்பளப் புள்ள படம், சகுனமில்ல'ன்னேன். சரின்னு கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டாரு." மவுஸை நகர்த்தி, என் விரல்களுக்குக் கீழே இன்னும் கொஞ்சம் நிழல் சேர்த்தார்.

எனக்குச் சந்தோஷம் ஒன்றும் வரவில்லை. குடும்பத்தில் நமக்கு மிஞ்சியது இரண்டு கைகள்தானா என்றுதான் தோன்றியது. அப்படியே என் கடைக்குத் திரும்பிவிட்டேன்.

போன மாதம் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. அக்கா. பக்கத்து வீட்டுப் போனிலிருந்து மெதுவாகப் பேசினாள்.

"டேய், பாப்பா இப்ப பள்ளியோடம் போறாடா. ஆல்பத்தப் பாத்துட்டு, தாமரைக்கு ஏதும்மா கைன்னு கேட்டா."

"நீ என்ன சொன்ன?"

"அது ஒன் மாமன் கைடின்னு சொன்னேன். அதுலேர்ந்து தெனமும் அந்தப் பக்கத்த விரிச்சு வச்சுக்கிட்டு, அந்தக் கை மேல தன் கைய வச்சு வச்சுப் பாக்குறாடா." மச்சான் வண்டிச் சத்தம் கேட்டதோ என்னவோ, போன் கட்டாகிவிட்டது.

மறுநாள் ஜிகினா அண்ணன் கடைக்குப் போனேன். ஏதோ ஒரு சடங்கு ஆல்பத்தில் மயில் வைத்துக்கொண்டிருந்தார். அக்கா சொன்னதை அப்படியே சொன்னேன். மவுஸிலிருந்து கையை எடுத்தார். பிறகு, "வா மாப்ள, டீ குடிப்போம்" என்று எழுந்தார்.

அந்தப் பட்டாம்பூச்சிக்காக அவர் மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு. மதுரையில் முன்பின் தெரியாதவரைக்கூட அண்ணே என்றுதான் கூப்பிடுகிறோம். நான் மனசாரக் கூப்பிடுவது அவர் ஒருவரைத்தான்.