முந்தானையில் ஒரு சிவப்புக் கிளிப்

என்னைப் பெண் பார்க்க வந்தபோது, மாப்பிள்ளைக்குக் குடி உண்டா, சீட்டாட்டம் உண்டா என்றெல்லாம் என் அப்பா பாளையங்கோட்டையிலிருந்து ஆவடிவரை ஆள் வைத்து விசாரித்தார். ஏரோப்ளேன் விடும் பழக்கம் உண்டா என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை. பாவம், யாருக்குத்தான் தோன்றும்?

எண்பதுகளின் கடைசி அது. ஆவடி குவார்ட்டர்ஸுக்கு வந்து இறங்கியபோது, அலமாரியின் மேல் அது உட்கார்ந்திருந்தது. மஞ்சள் உடம்பு, நீல இறக்கை. நான் இரண்டு கையையும் விரித்தால் எவ்வளவோ அவ்வளவு அகலம். பேக்டரி விட்டு வந்தபின், பஞ்சு மாதிரி லேசான மரத்தைச் சீவிச் சீவி ஒட்டி அவரே செய்தது. அதற்கு இடம் விட்டு என் சேலைகளெல்லாம் கட்டிலுக்கு அடியில் பெட்டியிலேயே கிடந்தன. (கேட்டால், "அதுக்கு ஈரம் ஆகாது" என்றார். சேலைக்கு ஆகும்போல.)

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும், "எங்க ஏரோப்ளேன் கிளப்ல எல்லாரும் வெள்ளானூர் பக்கம் ஏரியில பறக்க விடப் போறோம், நீயும் வா" என்றார். காய்ந்துபோன ஏரி, நல்ல திறந்தவெளி. அந்த விமானம் அதுவரை பறந்ததே இல்லையாம். கல்யாணத்துக்கு முன்பே தயாராகிவிட்டதாம்; முதல்முறை பறப்பதை நான் பார்க்க வேண்டும் என்று அப்படியே வைத்திருந்தாராம். இதைத் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது அப்போதுதான்.

ஸ்கூட்டரில் போகும்போது கிளப்பின் சட்டதிட்டங்களை விளக்கிக்கொண்டே வந்தார். மடியில் விமானம், காதில் காற்று. ஒரு வார்த்தை விழவில்லை. புதுப்பெண் இல்லையா, எல்லாவற்றுக்கும் "ம்" சொல்லி வைத்தேன்.

அவர் சொன்னது இதுதான் என்று பிறகுதான் தெரிந்தது. ஒவ்வொரு ரிமோட் பெட்டிக்கும் ஒரு நம்பர் உண்டு. ஒரே நம்பருள்ள இரண்டு பெட்டிகளுக்கு ஒரே நேரத்தில் சுவிட்சைப் போட்டால், மேலே பறக்கிற விமானம் யார் பேச்சைக் கேட்பது என்று தெரியாமல் விழுந்துவிடும். அதனால் மைதானத்தில் நம்பர் எழுதிய பலகை ஒன்றை நட்டு வைத்திருப்பார்கள். பெட்டியைப் போடுமுன் உங்கள் பெயர் எழுதிய கிளிப்பை உங்கள் நம்பரில் மாட்ட வேண்டும். கிளிப் இருக்கும்வரை அதே நம்பர்க்காரர் வேறு யாரும் பெட்டியைத் தொடக்கூடாது. கிளிப் என்றால் ஏதோ விசேஷமானது இல்லை, துணி காயப்போடுகிற பிளாஸ்டிக் கிளிப்தான். அங்கேதான் வந்தது வினை.

நான் அன்று கட்டியிருந்தது கல்யாணத்துக்கு எடுத்த சிவப்பு நைலக்ஸ். ஏரிக் காற்றில் அது என் பேச்சைக் கேட்கவில்லை. முந்தானை முகத்தில் அடிக்கிறது, பக்கத்தில் நிற்பவர் முகத்திலும் அடிக்கிறது. அவருடைய விமானமோ எரிபொருளில் கலந்த விளக்கெண்ணெய் வாசனையோடு எழும்பி, அழகாக வட்டமடித்துக்கொண்டிருந்தது. நிம்மதியாக நின்று பார்க்கலாம் என்றால் சேலை விட்டால்தானே?

அப்போதுதான் பலகை கண்ணில் பட்டது. வரிசையாகக் கிளிப்புகள். (இந்த ஆம்பிளைகள் இங்கே வந்தும் துணி காயப்போடுவார்களா என்று ஒரு கணம் நினைத்தேன்.) அடுத்தவர் பொருளைத் தொடுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. சிவப்புக் கிளிப்பில் "செல்வராஜ்" என்று அவர் பெயரே எழுதியிருந்தது. கட்டியவர் பொருள் நம் பொருள்தானே? சேலைக்கும் பொருத்தமாக இருந்தது. எடுத்து முந்தானையைத் தோளோடு சேர்த்து மாட்டிக்கொண்டு, ஜம்மென்று நின்றேன்.

மோசஸ் அண்ணன் கரையான்சாவடிக்காரர், என் வீட்டுக்காரரோடு வேலை பார்ப்பவர், எங்கள் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழன். அவர் பெட்டிக்கும் அதே நம்பர். பலகையைப் பார்த்தார், காலி. தன் கிளிப்பை மாட்டினார். பெட்டியைப் போட்டார்.

மேலே விமானம் ஒரு முறை தலையை ஆட்டியது. பிறகு மூக்கைக் கீழே வைத்து நேராக இறங்கி, எருமைகள் படுத்திருந்த சேற்றுக் குட்டையில் சொருகிக்கொண்டது. எருமைகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான், இதுவும் வித்தையில் சேர்த்தி என்று நினைத்துக் கை தட்டினேன்.

நான் மட்டும்தான் தட்டினேன்.

மோசஸ் அண்ணன் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"மாமே, ஏசப்பா மேல சத்தியமா போர்டைப் பாத்துட்டுதான் போட்டேன். உன் நம்பர்ல ஒண்ணுமே இல்ல மாமே."

"விடு மோசஸ். நான்தான் கிளிப் மாட்ட மறந்திருப்பேன்."

"நீயா மறப்ப? என் ப்ளேனை எடுத்துக்க மாமே. நான் இனிமே..." என்றவர் என் பக்கம் திரும்பினார். "அண்ணி, தோள்ல இன்னா அது மாட்டிகினு கீறீங்க?"

எல்லோரும் பார்த்தார்கள். எனக்கு அப்போதும் முழுதாகப் புரியவில்லை. ஆனால் என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. அடுத்த ரயிலில் பாளையங்கோட்டைதான் என்று நினைத்து, அத்தனை பேர் முன்னால் அழுதேன்.

அவர் கிட்டே வந்து கிளிப்பைப் பார்த்தார். கண் கலங்கித்தான் இருந்தது, நான் பார்த்தேன். ஆனாலும் சிரித்தார்.

"மோசஸ், கிளிப் சரியான இடத்துலதான் இருக்கு. பேரைப் படிச்சுப் பாரு."

மோசஸ் அண்ணன் சிரிக்க ஆரம்பித்தவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

திரும்பும்போது மடியில் உடைந்த இறக்கை. சேறு என் சேலையெல்லாம். பாதி வழியில், "அந்தப் பலகை விஷயத்தை மறுபடி ஒரு தடவை சொல்லுங்க" என்றேன். அவர் ஸ்கூட்டரைப் புளியமரத்தடியில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு, முதலிலிருந்து சொன்னார். இந்த முறை "ம்" சொல்லாமல் கேட்டேன். அடுத்த விமானத்தின் இறக்கைக்குத் தாள் ஒட்டியது நான். அது பறந்த நாளில் பலகைக்குக் காவல் நின்றதும் நான்தான், சேலையை ஊசியால் குத்திக்கொண்டு.

இப்போதும் மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போனால் கீழிருந்து அவர் குரல் வரும்: "பார்த்து எடு, மேல யாராவது பறந்துட்டு இருக்கப் போறாங்க."

பிள்ளைகள் சிரிப்பார்கள். நான் ஒரு முறை வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் கிளிப்பில் கை வைப்பேன்.