மாதாவுக்கு இரண்டு அங்குலம்

புதன்கிழமை பின்னேரம் கோயில் வாசலில் தன் பிக்கப் வண்டியின் பின்சக்கரங்களுக்கு நடுவே பத்திநாதர் மல்லாந்து கிடந்தார். நெஞ்சின்மேல் அளவுநாடா சுருண்டு கிடந்தது.

"உரசேல்லை," என்றார், வண்டியின் வயிற்றைப் பார்த்து.

"உரசாட்டி நல்லதுதானே," என்றாள் மனைவி றோசலின். "எழும்பி வாங்கோ. ரோட்டால போற சனம் பாக்குது."

"உரசோணும் றோசலின். போன வருசம் உரசினது. இப்ப ஏன் உரசேல்லை?"

பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் அந்தக் கோயில் முற்றத்திலிருந்து வீதிக்கு இறங்கும் இடத்தில் சிமெந்துத் திட்டு ஒன்று உண்டு. ஓகஸ்ட் பதினைந்து, மாதாவின் விண்ணேற்புத் திருநாளன்று, பத்திநாதரின் பிக்கப்பில்தான் மாதா சொரூபம் நிற்கும் அலங்காரக் கூடு ஊர்வலம் போகும். போன வருசம் அந்தத் திட்டைத் தாண்டும்போது, ட்ரெயிலர் கொழுவுவதற்காகப் பின்னால் பூட்டியிருந்த இரும்பு சிமெந்தில் 'கறார்' என்று இழுபட்டது. கூடு குலுங்கியது. மாதாவின் தலையிலிருந்த பொன்முடி கழன்று வீதியில் உருண்டது. பெண்கள் குழறினார்கள்.

"இந்த முறையும் இப்பிடி நடந்தால் ஊர்வலம் இல்லை," என்று பங்குச் சுவாமியார் சொல்லிவிட்டார். "மாதா உள்ளுக்கே இருப்பா."

ஆகவே பத்திநாதர் ஆராயத் தொடங்கினார். மாதாவும் கூடும் எவ்வளவு பாரமோ அவ்வளவுக்கு அரிசி மூட்டைகளை ஏற்றித் திட்டைத் தாண்டிப் பார்த்தார். இரும்புக்கும் சிமெந்துக்கும் இடையில் இரண்டு விரல் நுழையும் அளவு இடைவெளி இருந்தது. முன்னுக்குப் போனார், பின்னுக்கு வந்தார், சரிவாக இறங்கினார். உரசவே இல்லை.

பத்திநாதர் பிஸ்கட் தொழிற்சாலை ஒன்றில் இயந்திரம் பழுது பார்ப்பவர். ஒரு சாமான் எப்படி வேலை செய்கிறது என்பதை அறிந்துவிட்டால், அதை இன்னொருவருக்கு விளங்கப்படுத்தாமல் அவருக்குச் சோறு இறங்காது. விளங்காத சாமான் என்றால் நித்திரையும் வராது.

"ஓடேக்க ஸ்பிரிங் அமுங்குது, விளங்குதோ?" என்று அன்றிரவு சாப்பாட்டு மேசையில் கரண்டியை வளைத்துக் காட்டினார். "நிண்ட வண்டி வேற, ஓடுற வண்டி வேற."

"கரண்டியை விடுங்கோ. அது என்ர அம்மா தந்தது."

முதலில் டயர்களுக்குக் காற்றைக் கூட்டினார். சனிக்கிழமை ஒத்திகை. மாதாவின் பாரம் ஏறக்குறைய கோயில் சங்கத்து நீக்கிலாப்பிள்ளையின் பாரம் என்பதால், அவரையே கூட்டுக்குள் நிறுத்தினார்கள். அவரும் பக்தியோடு கைகுவித்து நின்றார். எதிர்வீட்டு மாடியில் உடுப்புக் காயவிட்ட கிரேக்கக் கிழவி இதைக் கண்டு அவசரமாகச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

டயர்கள் கல்லாக இறுகியிருந்தன. வீதியின் ஒவ்வொரு வெடிப்பும் நீக்கிலாப்பிள்ளையின் பல்லில் தெரிந்தது.

"ஆ-ஆ-ஆடுது பத்தியண்ணை!"

கோயில் சங்கத் தலைவர் பேரின்பநாதன் முகத்தைச் சுளித்தார். ஆள் நல்ல பருமன். குரல் அதைவிடப் பருமன். "ஆடினால் பிடிக்க ஆக்கள் வேணும். போன முறை நாலு பேர் மாதாவுக்குப் பக்கத்தில நிண்டனாங்கள். இந்த முறை ஆறு பேர் ஏறுவம்."

பூ அலங்காரத்துக்குப் பொறுப்பான அக்னெஸ் கூடையோடு முன்னால் வந்தாள். ஒல்லியான பெண். "அண்ணை, நானும் ஒரு மூலையில நிண்டு பூ எறியட்டோ?"

"விசர்க் கதை கதையாதை பிள்ளை. வண்டி பாரம் தாங்கோணுமெல்லே?"

பத்திநாதர் இந்தப் பேச்சில் காதைக் கொடுக்கவில்லை. அவர் டயரில் காற்றை இறக்கிக்கொண்டிருந்தார். அவருக்கு முடிவு தெரிந்துவிட்டது: வண்டியையே உயர்த்த வேண்டும்.

ஆற்றுக்கு அப்பால் லொங்குய்யில் கராஜ் வைத்திருந்த இரவிச்சந்திரன் சென்னைக்காரர். வண்டியைத் தூக்கி நிறுத்தி, இருவரும் அதன் அடியில் அண்ணாந்து நின்றார்கள்.

"என்ன சார் உங்க ஆசை? ஆறு அங்குலம் தூக்கணுமா?"

"பாதுகாப்பா எவ்வளவு ஏலுமோ அவ்வளவு. மேல இருக்கிறது மாதா."

இரவிச்சந்திரன் ஸ்பிரிங்கைத் தட்டிப் பார்த்தார். "அப்போ ஆறு வேணாம். அவ்ளோ தூக்குனா பிரேக் ஹோஸ் இழுத்துக்கும், வளைவுல வண்டி சாயும். சிலர் ஸ்பிரிங்குக்கு அடியில கட்டை மேல கட்டையா அடுக்குவாங்க. ஒண்ணு நழுவுனா போச்சு."

"ஸ்பிரிங்கில கை வைக்காமல் மேல்பெட்டியை மட்டும் உயத்தினால்?"

"பெட்டி உசரும் சார். அந்த ட்ரெயிலர் கொக்கி அடிச்சட்டத்துல இல்ல பூட்டியிருக்கு? அது இருந்த இடத்துலயே இருக்கும்."

பத்திநாதரின் கண்கள் விரிந்தன. அட! வேட்டியை மடித்துக் கட்டினால் ஆள் உயர்வதில்லை. அவ்வளவுதான் விசயம். இதை இன்றைக்கே யாருக்காவது சொல்ல வேண்டும் என்று மனதில் குறித்துக்கொண்டார்.

"ரெண்டு அங்குலம்," என்றார் இரவிச்சந்திரன். "இந்த வண்டிக்குன்னே செஞ்ச ஸ்பிரிங், அதுக்குப் பொருத்தமான ஷாக் அப்சார்பர். சக்கர நேர் பார்த்து, பிரேக் பைப் பார்த்து, ஹெட்லைட்டைக் கீழ திருப்பிக் குடுத்துடறேன். ராத்திரி எதிர்ல வர்றவன் கண்ணு கூசக்கூடாதில்ல?"

வேலை முடிந்து வண்டி தரைக்கு இறங்கியபோது பத்திநாதர் அதன் அடியில் குனிந்தார். தகடு தகடாக அடுக்கிய ஸ்பிரிங்கைத் தடவிப் பார்த்தார். குளிர்ந்த இரும்பு. இது வளையும், ஆனால் முறியாது. பாரம் வந்தால் பணியும், பாரம் போனால் தானாக நிமிரும். இதைச் செய்தவன் கையெடுத்துக் கும்பிடப்பட வேண்டியவன் என்று தோன்றியது.

றோசலினுக்கு அப்படித் தோன்றவில்லை. "இதில ஏற எனக்கு ஏணி வேணும்," என்றாள்.

பேரின்பநாதனுக்கு வேறு கவலை. புதிய உயரத்தைக் கண்டதும் தாடையைத் தடவினார். "உயரம் கூடினால் ஆட்டமும் கூடும். ஆறு பேர் காணாது. சங்கம் முழுக்க ஏறுவம். எட்டுப் பேர்."

"அந்த ஸ்பிரிங் இருக்கே, தலைவர்," என்று பத்திநாதர் வேட்டி உவமையோடு தொடங்கினார். தலைவர் போய்விட்டார்.

திருநாள். வெயில் சுட்டது. முற்றத்தில் சனம் நிறைந்திருந்தது. நீலப் பட்டுத் திரையும் மின்விளக்குமாகக் கூடு ஜொலித்தது. நடுவில் மாதா. சுற்றிவர வெள்ளைச் சட்டையோடு எட்டுப் பேர். மணி அடித்தது.

பத்திநாதர் செபம் சொல்லிக்கொண்டே வண்டியை நகர்த்தினார். முன்சக்கரம் திட்டைத் தாண்டியது. மெல்ல, மெல்ல...

கறார்.

மாதா குலுங்கினா. கைகள் எட்டுத் திக்கிலும் இருந்து பாய்ந்து பொன்முடியைப் பிடித்தன. சுவாமியார் கண்ணை மூடிக்கொண்டார்.

பத்திநாதர் கோட்டும் சூட்டுமாக வண்டிக்கு அடியில் பாய்ந்தார். ரோர்ச் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். அன்றைக்கு அரிசி மூட்டைகளோடு இரண்டு விரல் இடைவெளி இருந்தது. அதோடு இரண்டு அங்குலம் உயர்த்தினார். இப்போது ஒரு காசுகூட நுழையாது!

"என்னண்டு பத்தியண்ணை?" என்று மேலிருந்து தலைவர் கத்தினார்.

"தெரியேல்லை!" வாழ்நாளில் அவர் அதிகம் சொல்லாத சொல்.

"ஆரும் ஒராள் இறங்கிப் பாருங்கோ!" என்றார் தலைவர்.

நீக்கிலாப்பிள்ளை குதித்து இறங்கினார். பத்திநாதரின் கண்முன்னே இரும்பு ஒரு மயிரளவு அசைந்தது. சங்கத்து விமலநாதன் இறங்கினார். இரும்பு மேலே போனது. ஒவ்வொருவராக எட்டிப் பார்க்க இறங்க இறங்க, அந்தக் கனத்த இரும்பு சத்தமில்லாமல், யாரும் தொடாமல், விரல் விரலாக எழும்பியது. கடைசியாகப் பேரின்பநாதன் இறங்கினார். அது ஒரு மூச்சில் மேலே போனது.

வெளியே ஒரு பெண் குரல் நடுங்கியது. "மாதா எழும்புறா!"

கூட்டம் திரும்பியது. விண்ணேற்புத் திருநாளில், எல்லாருடைய கண்ணுக்கும் முன்னால், மாதா வானத்தை நோக்கி உயர்ந்து நின்றா. சுடுகிற தாரில் சனம் முழந்தாளிட்டது. போக்குவரத்துக்கு நின்ற பொலிஸ்காரன் தொப்பியைக் கழற்றினான். கிரேக்கக் கிழவி மாடியில் மூன்று தரம் சிலுவை போட்டாள்.

பத்திநாதர் அடியிலிருந்து ஊர்ந்து வந்தார். கன்னத்தில் எண்ணெயும் கண்ணீரும். "என்ர கண்ணால கண்டனான் றோசலின். இதுக்கு என்னட்டை விளக்கம் இல்லை."

றோசலின் முதன்முறையாக அவரைப் பார்த்துப் பயந்தாள்.

"மாதா சம்மதிச்சிட்டா!" என்று பேரின்பநாதன் முழங்கினார். "ஏறுங்கோ எல்லாரும்!"

எட்டுப் பேரும் ஏறினார்கள். மாதா மெல்லக் கீழே இறங்கினா. கூட்டம் 'ஐயோ' என்றது.

"எங்களில ஏதோ மனத்தாங்கல்," என்றார் விமலநாதன், முகம் வெளிறி.

பயத்தில் எட்டுப் பேரும் குதித்து இறங்கினார்கள். மாதா எழுந்தா. பாட்டு வானைப் பிளந்தது. தைரியம் வந்து திரும்ப ஏறினார்கள். மாதா இறங்கினா. பாட்டு நடுவில் நின்றது. சுவாமியார் செபமாலையை எடுத்தார். மறுபடியும் எட்டுப் பேரும் இறங்கி, தலை குனிந்து, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் உயர்ந்து நின்ற மாதாவைப் பார்த்தார்கள்.

அக்னெஸ் பூக்கூடையை இடுப்பில் மாற்றிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"பேரின்பநாதன் அண்ணை, நீங்கள் எட்டுப் பேரும் நடந்து வாங்கோ. வண்டி உரசாது."