ஐந்து வரி வணக்கம்

கடை வைத்திருக்கும் மனிதனுக்கு உரிமம் வேண்டும். உரிமம் இல்லாத கடை, கடையல்ல, குற்றம். இதில் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. பழைய இரும்புக்கடைப் பேரண்ணனுக்கும் கிடையாது.

எந்தச் சாமானையும் பாதி விலைக்குப் பேரம் பேசியே பழகிய வாய் என்பதால் ஊர் வைத்த பெயர் அது. செத்த மோட்டாரைச் செத்தது என்று சண்டை போட்டு வாங்குவார்; அதையே உயிரோடு இருப்பதாகச் சண்டை போட்டு விற்பார். ஒற்றைத் தராசோடு வெயிலில் உட்கார்ந்து ஆரம்பித்து, கூரை போட்ட கடையாக நிமிர்ந்தவர். அந்தக் கடையின் உரிமம் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. சனிக்கிழமை காலை பத்து மணிக்குச் சுவரில் புதுத் தாள் தொங்காவிட்டால் கதவுக்குச் சீல்.

உரிம அலுவலகத்தில் முன்பு ஒரு தடித்த பதிவேடு இருந்தது. அதில் எழுதி, தாளில் கையெழுத்துப் போட்டு, கால் மணி நேரத்தில் ஆளை அனுப்பிவிடுவார்கள். இந்த அவல நிலை மேலிடத்தின் கனிவான கவனத்துக்கு வந்ததும், 'மென்பொருள் நவீனமயமாக்கல் தனி அலுவலர்' ஒருவர் நியமிக்கப்பட்டார். அவ்வளவு நீளத்தை யார் கூப்பிடுவது? நவீனம் சார் என்றார்கள். அவர் மூன்று நாள் கருத்தரங்குக்குப் போய், கழுத்தில் ஒரு அடையாள அட்டையும், கையில் பல மொழிகளில் சின்னச் சின்ன நிரல்களைச் செய்து காட்டும் ஒரு புத்தகமுமாகத் திரும்பினார். வந்த கையோடு சுற்றறிக்கை: 'இனி உரிமங்கள் யாவும் அங்கீகரிக்கப்பட்ட எடுத்துக்காட்டு நிரலின் வழியாக மட்டுமே வழங்கப்படும்.'

நிரல் என்பது கம்ப்யூட்டருக்கு நாம் எழுதிக் கொடுக்கும் கட்டளை. எந்தக் கம்ப்யூட்டர் மொழியைக் கற்கப் போனாலும் முதல் எடுத்துக்காட்டு ஒன்றுதான்: 'வணக்கம், உலகமே!' என்று வரவைப்பது. ஊழியர்கள் பக்தியோடு கற்றார்கள். இரண்டாவது எடுத்துக்காட்டுக்குப் பக்கத்தைப் புரட்டுவதற்குள், வேறொரு மொழிக்கு மவுசு வந்துவிட்டதாக நவீனம் சாருக்குத் தகவல் வந்தது. உடனே அந்த மொழியின் முதல் எடுத்துக்காட்டு. இப்படிப் பதினான்கே மாதத்தில் அந்த அலுவலகம் ஒன்பது மொழிகளில் தேர்ச்சி பெற்றது. ஒன்பதிலும் வணக்கம் சொல்ல மட்டும் தெரியும்.

ஆகவே உரிமத் தாளில் கடைப் பெயர் வராது, முகவரி வராது. நட்டநடுவில் 'வணக்கம், உலகமே!' கீழே கையெழுத்து, முத்திரை. மக்கள் அதைக் கண்ணாடி போட்டு மாட்டினார்கள். சோதனை அதிகாரி வருவார். முதல் எழுத்திலிருந்து ஆச்சரியக்குறி வரை நிதானமாகப் படிப்பார். "சரியா இருக்கு" என்று போவார். முத்திரை விழுந்த தாளைப் பார்த்துச் சிரிக்க யாருக்கு என்ன பைத்தியமா?

புதன்கிழமை பேரண்ணன் மூன்றாம் ஜன்னலில் நின்றார். உள்ளே இருந்த குமாஸ்தா அவருடைய பழைய தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"இது ஜாவா மொழியில எடுத்தது அண்ணே. திங்கக்கிழமையிலேர்ந்து பைத்தான் வந்தாச்சு. இதை ரத்து பண்ணி, அதுக்குச் சான்று வாங்கி, புதுசா விண்ணப்பம் போடணும். இருபது நாள் ஆகும்."

"பைத்தான்ல எடுத்தா தாள்ல என்ன வரும்?"

"வணக்கம், உலகமே."

"இதுல என்ன இருக்கு?"

"வணக்கம், உலகமே."

"ஒரு புள்ளியாவது வித்தியாசம் உண்டா தம்பி?"

"வெளியில பார்த்தா தெரியாது. உள்ளுக்குள்ள வேற."

"இருபது நாளெல்லாம் கட்டுப்படியாகாது. ரெண்டு நாள்ல முடிச்சுக் குடு."

"பேரம் பேச இது என்ன சந்தையா?"

"சந்தையா இருந்தா சரக்கையாவது கண்ணுல காட்டுவான்!" என்று பேரண்ணன் ஜன்னல் பலகையில் ஓங்கித் தட்டினார். பசைப்புட்டி கவிழ்ந்தது. "எங்கய்யா அந்த உள்ளுக்குள்ள? எடுத்து வெளியில போடு!"

சத்தம் கேட்டு நவீனம் சார் வெளியே வந்தார். நவீனத்தில் அக்கறை காட்டிய முதல் குடிமகன் என்று நினைத்து, மரியாதையாக உள்ளே அழைத்துப் போனார். சுவரில் ஜாவா நிரல் சட்டம் போட்டுத் தொங்கியது. பேரண்ணன் விரல் வைத்து எண்ணினார்.

"ஒரு வணக்கத்துக்கு அஞ்சு வரியா?"

"அது அந்த மொழியோட மரபு. இது 'பப்ளிக்', இது 'ஸ்டேடிக்', இது 'வாய்ட்'."

"வாய்ட்னா?"

"ஒண்ணும் திருப்பித் தராதுன்னு அர்த்தம்."

"அதான் இந்த ஆபீஸைப் பத்தி ஊருக்கே தெரிஞ்ச விஷயமாச்சே, அதை வேற எழுதணுமா? சரி, பைத்தான் எத்தனை வரி?"

"ஒரே வரி!" நவீனம் சாரின் குரலில் பெருமை.

பேரண்ணனுக்கு ரத்தம் கொதித்தது. முப்பது வருஷ அனுபவம் கொதித்தது. "அஞ்சு சொன்னவன் ஒண்ணுக்கு இறங்குறான்னா அந்த ஒண்ணும் சும்மா ஏத்தி வச்சதுதான் சார். இதைப் போய் வாங்கிட்டு வந்து நிக்கிறீங்களே! இன்னும் இறங்குவான், கேளுங்க."

"ஒண்ணுக்குக் கீழேயா? அதுக்குக் கீழே பூஜ்யம்தானே இருக்கு!"

"பூஜ்யத்துக்குக் கேளுங்க! கிடையாதுன்னா எழுந்து ரெண்டு எட்டு நடங்க. அவனே பின்னால கூப்பிடுவான்."

கோபத்தில் சொன்ன சொல். ஆனால் நவீனம் சார் நிஜமாகவே எழுந்து ரெண்டு எட்டு நடந்தார். திரும்பி வந்து, இருந்த ஒரு வரியையும் அழித்துவிட்டு, நிரலை ஓட்டினார். கம்ப்யூட்டர் முனகவில்லை. பிழை என்று ஒரு சொல் இல்லை. அச்சுப்பொறி வழுவழுவென்று ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளியது.

"பிழையே இல்லாத நிரல்!" நவீனம் சாருக்குக் கண் கலங்கியது. "கருத்தரங்குல கூட இதை யாரும் சொல்லலையே!"

அன்று மாலையே சுற்றறிக்கை: 'இவ்வலுவலகத்தின் சகல ஆணைகளும் பூஜ்ய வரி முறைக்கு மாற்றப்படுகின்றன. பழைய தாள்கள் செல்லா.' கூடவே 'வரிக் குறைப்பு ஆலோசகர்' என்று ஒரு பதவி பிறந்தது. நான்காம் ஜன்னல் திறக்கப்பட்டது. அதற்குப் பின்னால் கைவைத்த நாற்காலி. பேரண்ணன் வாழ்நாளில் கைவைத்த நாற்காலியை எடைக்குத்தான் வாங்கியிருக்கிறார், உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்தார்.

வீட்டுக்காரி கடையிலிருந்து போன் செய்தாள். "என்னங்க, லைசென்ஸ் கிடைச்சுதா?"

"லைசென்ஸ் என்னடி லைசென்ஸ், ஆபீஸே நம்ம கையில!"

வியாழனும் வெள்ளியும் தெரு முழுக்க வரிசையில் வந்து பழைய தாளைக் கொடுத்து, முத்திரை மட்டும் போட்ட வெள்ளைத் தாளை வாங்கிப் போனது. அவருடைய பக்கத்துக் கடைத் தையல்காரம்மா தாளை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"இதுல ஒண்ணுமே எழுதலையேண்ணே?"

"வெளியில பார்த்தா தெரியாதும்மா," என்றார் பேரண்ணன். "உள்ளுக்குள்ள இருக்கு. அடுத்த ஆள்!"

எல்லாருக்கும் எடுத்துக் கொடுத்தவர் தனக்கு ஒன்று எடுத்து வைக்க மறந்தார். நாற்காலி அப்படி.

சனிக்கிழமை காலை பத்து மணி. பேரண்ணன் அலுவலகத்தில் தமக்கு நடந்த பாராட்டுக் கூட்டத்தில் இருந்தார். கடையில் வீட்டுக்காரி செம்புக் கம்பியை எடை போட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு ஊழியர்கள் வந்தார்கள். சுவரில் தாள் இல்லை என்று குறித்துக்கொண்டார்கள். கதவில் பசை தடவி, முத்திரை போட்ட ஒரு வெள்ளைத் தாளை ஒட்டினார்கள்.

"என்ன இது?"

"கடையை மூடச் சொல்லி ஆணைம்மா."

"எங்க எழுதியிருக்கு?"

"பூஜ்ய வரி முறை. உங்க வீட்டுக்காரர் கொண்டுவந்ததுதான்."

ஒட்டியாயிற்று என்று குறிப்பு எழுதிக்கொண்டு அவர்கள் போனார்கள். ஒட்டுவதுதான் அவர்கள் வேலை. மூடுவது வேறு பிரிவு. வீட்டுக்காரி பசை காய்வதற்குள் தாளை உரித்தாள். முந்தானையால் துடைத்தாள். கடைக்குள் காலியாக இருந்த ஆணியில் மாட்டினாள். பதினொரு மணிக்குச் சோதனை அதிகாரி வந்தார். தாளை மேலிருந்து கீழ் வரை நிதானமாகப் படித்தார்.

"சரியா இருக்கு" என்றார். போனார்.

திங்கட்கிழமை காலை ஆலோசகருக்குப் பணி நியமன ஆணை தபாலில் வந்தது. பால் மாதிரி வெள்ளை. பேரண்ணன் அதை உயர்த்திப் பிடித்தபடி அலுவலக வாசலை அடைந்தார். காவலாளி வாங்கிப் பார்த்தார்.

"இதுல உங்க பேரு எங்க?"

"உள்ளுக்குள்ள இருக்குப்பா."

"பேரு உள்ளுக்குள்ள இருக்கட்டும். நீங்க வெளியில நில்லுங்க."

தட்டிக் கேட்க அங்கே ஜன்னல் பலகைகூட இல்லை. பேரண்ணன் தெருவழியே நடந்து கடைக்கு வந்தார். ஒவ்வொரு கடையிலும் கண்ணாடிக்குள் வெள்ளைத் தாள் பளபளத்தது. வீட்டுக்காரி தராசிலிருந்து தலை நிமிரவில்லை. "ஆபீஸ் நம்ம கையிலன்னீங்களே, கையில என்ன, வெறுந்தாளா? உள்ள வாங்க, நட்டு போல்ட்டைப் பிரிச்சுப் போடுங்க."

பக்கத்துக் கடையில் தையல்காரம்மா இயந்திரத்தை நிறுத்திவிட்டு, சுவரில் இருந்த தன் வெள்ளைத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா பாக்குற? லைசென்ஸ்தான் செல்லுதே" என்றார் பேரண்ணன்.

"செல்லுதுண்ணே. யார் இல்லைன்னாங்க?" என்றார் அவர். "ஆனா முன்னெல்லாம் காலையில கடையைத் திறந்தா, அரசாங்கம் நம்மளப் பார்த்து ஒரு வணக்கமாவது சொல்லிச்சு. அதையும் நீங்க பேரம் பேசிக் குறைச்சுட்டீங்களே!"