பிஸ்கட் நிபுணரும் ஆறாத புண்ணும்

வேலை செய்கிறவர்களை உங்களுக்குத் தெரியும். வேலைக்கு டிமிக்கி கொடுப்பவர்களையும் தெரியும். உங்கள் வீட்டிலேயே ஒருவராவது இருப்பார். இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது இனம் ஒன்று இருக்கிறது. பிறர் செய்யும் வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்வதற்கென்றே பிறந்து, வளர்ந்து, சம்பந்தமே இல்லாத வேறொரு வேலையிலிருந்து ஓய்வு பெற்று, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையோடு கூட்டத்துக்கு வந்து உட்காரும் இனம். ஆலோசனை நிபுணர் என்று பெயர். கல்யாண வீட்டில் சமையல்காரரிடம் உப்பைப் பற்றிப் பேசுகிறவர் இதில் சாதாரண ரகம். ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரருக்கு மாத்திரை மாற்றிச் சொல்கிறவர் அதற்குக் கொஞ்சம் மேலே. எல்லாருக்கும் உச்சியில் கொலுவீற்றிருப்பவர், உயர்கல்வி ஆராய்ச்சிக்கு ஆலோசனை சொல்லும் நிபுணர். ஆராய்ச்சி இருக்கும் திசையில் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை என்பது இவருடைய முதல் தகுதி.

ஏன் என்று கேட்கிறீர்களா? ஆராய்ச்சி செய்தவரைக் கூப்பிட்டால் அவர் ஆராய்ச்சியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவாரே! அப்புறம் கூட்டம் உருப்படுமா?

நம்முடைய நிபுணருக்கு அவர் தெருவில் 'முன்னாள்' என்று பெயர். அவர் காதுபடச் சொல்ல மாட்டார்கள். முன்னாள் பிஸ்கட் கம்பெனி நிர்வாக இயக்குநர், முன்னாள் வணிகர் சங்கத் துணைத் தலைவர், முன்னாள் குடியிருப்போர் சங்கச் செயலாளர் (மழைத் தண்ணீர் வாசலுக்கு வந்த அன்றே ராஜினாமா), இப்படி ஏகப்பட்ட முன்னாள்கள் சேர்ந்து உருவான மனிதர். இந்த முன்னாள்களையெல்லாம் வழவழப்பான தடித்த காகிதத்தில் அச்சடித்து, தலைப்பில் 'தொழில் பின்னணி' என்று போட்டு, பிரதிகளைப் பையிலேயே வைத்திருப்பார். பல் டாக்டரிடம் போனால்கூட ஒன்று கொடுப்பார்.

"எல்லாம் சரி, இப்ப என்னவா இருக்கீங்கன்னு யாராவது கேட்டா என்ன சொல்வீங்க?" என்று ஒரு நாள் மனைவி கேட்டாள். துணி மடித்துக்கொண்டே சாதாரணமாகத்தான் கேட்டாள்.

அந்தக் கேள்வி மனுஷனை உலுக்கிவிட்டது. உண்மையைச் சொல்ல வேண்டும். ஓய்வு பெற்ற பிறகு அவருடைய தொலைபேசி ஊமையாகிவிட்டது. கம்பெனியில் அவர் தும்மினால் கைக்குட்டையோடு ஓடி வந்தவர்கள் இப்போது தெருவில் பார்த்தால் கடைக்குள் நுழைந்துவிடுகிறார்கள். தான் ஒன்றுமில்லாமல் போய்விட்டோமோ என்று அவருக்குப் பயமாக இருந்தது. அப்படிப் பயந்துகொண்டிருந்தபோதுதான் பல்கலைக்கழகத்திலிருந்து அழைப்பு வந்தது. ஆராய்ச்சி ஆலோசனைக் குழுவில் உறுப்பினர்! எந்த ஆய்வுக்கூடம் தொடர வேண்டும், எதை இழுத்து மூட வேண்டும் என்று சொல்லும் குழு.

அன்றைக்கே கடைக்குப் போய் ஷூ வாங்கினார். பளபளவென்று கறுப்புத் தோல் ஷூ. காலுக்குக் கொஞ்சம் இறுக்கம்தான். "நாளாக ஆக இளகிடும் சார்" என்றான் கடைக்காரன்.

ஷூ இளகவில்லை. வலது சுண்டுவிரல் இளகியது. கொப்புளம் வந்தது, உடைந்தது, புண்ணானது. முன்னாளுக்கு நெடுநாளாகச் சர்க்கரை. புண் ஆறவே இல்லை. பழையது ஆறுவதற்குள் பக்கத்தில் புதிதாக ஒன்று கிளம்பியது.

"செருப்பு போட்டுட்டுப் போங்களேன். டாக்டர்கிட்டயாவது காட்டுங்க."

"நிபுணர் செருப்போட போவாராடீ? ஒரு சின்னக் கொப்புளத்துக்குப் போய் இந்த ஆர்ப்பாட்டம் பண்றியே!"

"நிறம் மாறுதுங்க. எனக்குப் பயமா இருக்கு."

பயம் அவருக்கும் இருந்தது. அதனால்தான் அதற்கு மேலே துணியைச் சுற்றி, காலுறையை மாட்டி, ஷூவுக்குள் திணித்து, நாடாவை இறுக்கிக் கட்டினார். கண்ணில் படாததற்குக் கவலைப்பட வேண்டியதில்லை என்பது அவர் கம்பெனியில் கற்ற பாடம்.

கூட்டத்துக்கு வருவோம். நீள்வட்ட மேசை, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், வாய் திறப்பதற்கு முன்னால் 'கீஈஈ' என்று அலறும் மைக்கு. முன்னாளைத் தவிர ஒரு முன்னாள் பேங்க் மேனேஜர், ஒரு முன்னாள் போலீஸ் அதிகாரி, ஒரு ஹோட்டல் முதலாளி. நால்வரும் தத்தம் துறையில் சூரர்கள், அதில் சந்தேகமில்லை. பேங்க்காரரிடம் பேனா இரவல் வாங்கினால் ஜாமீன் கேட்பார். போலீஸ்காரர் கதவைத் தட்டுகிற விதத்திலேயே உள்ளே இருப்பவர் செய்யாத குற்றத்தையும் ஒப்புக்கொள்வார். ஆராய்ச்சி என்றால் என்ன என்று தெரிந்தவர்கள் மட்டும் மேசையில் இல்லை. அவர்கள் கதவுக்கு வெளியே, கூப்பிடுவார்களா என்று நின்றுகொண்டிருந்தார்கள்.

கூட்டத்தின் முதல் வேலை சுய அறிமுகம். பேங்க்காரர் தம் பின்னணியைச் சொன்னார். போலீஸ்காரர் அதைவிட நீளமாகச் சொன்னார். ஹோட்டல்காரர் அறை அறையாகத் திறந்து காட்டினார். முன்னாளின் முறை வந்தபோது தேநீர் ஆறி ஏடு கட்டியிருந்தது. அவர் பள்ளிக்கூடத்தில் வாங்கிய கட்டுரைப் பரிசிலிருந்து தொடங்கினார். ஒருவர் கொட்டாவி விட்டால் அதைப் பிரமிப்பு என்று எடுத்துக்கொள்ளும் மனசு அவருக்கு. முடித்தபோது சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டது. மிச்சமிருந்த நேரத்தில் கதவைத் திறந்து, வெளியே நின்ற ஒரு பெண் பேராசிரியரைக் கூப்பிட்டார்கள்.

அவளைப் பல்கலைக்கழகத்தில் 'புண் மேடம்' என்பார்கள். கையில் பின்னணிக் காகிதம் எதுவும் இல்லை. மைக்கு அலறி முடிக்கும்வரை பொறுத்திருந்து பேசினாள்.

"சர்க்கரை இருக்கறவங்களுக்குக் கால்ல வர்ற புண் ஏன் ஆற மாட்டேங்குதுன்னு பார்த்துட்டு வர்றோம் சார். புண் மேல வெச்சுக் கட்ட மெல்லிசா ஒரு மருந்துப் படலம் செஞ்சிருக்கோம். சில பேருக்கு நல்லா ஆறிடுது, சில பேருக்கு ஆறல. அது ஏன்னு கண்டுபிடிக்கற கட்டத்துல இருக்கோம். இப்ப நிறுத்தினா இதுவரைக்கும் செஞ்சது பூரா வீணாயிடும்."

பேங்க்காரர் கண்ணாடியைத் துடைத்தார். "எப்பம்மா திருப்பித் தருவீங்க?"

"எதை சார்?"

"எதையாவது."

போலீஸ்காரர் முன்னால் சாய்ந்தார். "இந்தப் புண்ணு ஆறாததுக்கு யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?"

"சின்ன ரத்தக் குழாய்ங்க மேலதான் சந்தேகம் சார்."

"சந்தேகம் இருக்குல்ல? அப்புறம் பிடிச்சு விசாரிச்சா உண்மையைக் கக்கிட்டுப் போகுது! இதுக்கு எதுக்கு இத்தனை வருஷம்?"

ஹோட்டல்காரர், ஆய்வுக்கூடத்து ஜன்னலிலிருந்து என்ன தெரியும் என்று கேட்டார். அவள் ஜன்னல் வழியாகப் பார்த்ததில்லை என்றாள். அவர் நம்ப முடியாமல் தலையை ஆட்டினார்.

இப்போது நம்மவர் தொண்டையைச் செருமினார். "நான் பிஸ்கட் கம்பெனியில இருந்தப்போ..."

இந்த வாக்கியம் எங்கே போய் முடியும் என்று அவர் மனைவிக்குத் தெரியும், தெருவுக்குத் தெரியும், பல் டாக்டருக்கும் தெரியும். கிரீம் பிஸ்கட்டில் கிரீம் ஒட்டவில்லை. ஏன் ஒட்டவில்லை என்று பெரிய பெரிய படிப்பாளிகள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். இவர் வந்தார். கிரீமை நிறுத்து, வெறும் பிஸ்கட்டாக விற்றுவிடு என்றார். விற்றது. அவ்வளவுதான் கதை.

"அதாவதும்மா, ஒட்டாத கிரீமை விட்டுடணும். ஆறுற புண்ணா பார்த்து எடுத்து ஆராய்ச்சி பண்ணுங்களேன்! ஆறாததை எதுக்குக் கட்டிட்டு அழறீங்க?"

எல்லாரும் மெய்சிலிர்த்துப்போய் மேசையைத் தட்டினார்கள். இப்படி ஒரு யோசனை இத்தனை வருஷமாக ஒரு விஞ்ஞானிக்கும் தோன்றவில்லையே!

ஆனால் மேசைக்குக் கீழே அவருடைய சுண்டுவிரல் விண் விண் என்று தெறித்துக்கொண்டிருந்தது. தாங்க முடியாமல், யாருக்கும் தெரியாமல், குதிகாலைக் கொஞ்சம் வெளியே இழுத்து வைத்திருந்தார். காலுறை ஓரத்தில் ஈரம் கசிந்திருந்தது. அவள் பார்வை அங்கே போனது. முகம் மாறியது.

"சார், தப்பா நினைச்சுக்காதீங்க. கால்ல புண்ணு இருக்கா? ரொம்ப நாளா இருக்கா? நம்ம ஆய்வுக்கூடம் பக்கத்துலதான். இப்பவே வாங்க, ஒரு நிமிஷம் பார்த்துடறேன்."

முன்னாளின் வாய்வரை ஒரு பதில் வந்தது. ஆமாம்மா, ரொம்ப நாளாயிடுச்சு, பயமா இருக்கும்மா. இதைச் சொல்ல வேண்டும் என்று அவர் நிஜமாகவே தவித்தார். அதற்குள் பேங்க்காரர் திரும்பிப் பார்த்தார். போலீஸ்காரர் புருவத்தை உயர்த்தினார். கனத்த பின்னணி உள்ள மனிதர் நொண்டிக்கொண்டு ஒரு பெண் பின்னால் போவதா?

"இங்க கேள்வி கேக்கறது நாங்க" என்றார். காலை ஷூவுக்குள் திணித்தார். உயிர் போய் வந்தது.

ஆய்வுக்கூடத்தை மூடிவிடலாம் என்று அவரே முன்மொழிந்தார். காலியாகும் அறையை ஆலோசகர்கள் ஓய்வறையாக்கலாம் என்று ஹோட்டல்காரர் வழிமொழிந்தார். திரைச்சீலை தம் செலவு என்றும் சொன்னார்.

அடுத்து என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். ஒரு காலையில் அவருக்குக் காய்ச்சல் கொதித்தது. ஷூ ஏறவில்லை. மனைவி அவர் பேச்சைக் காதில் வாங்காமல் ஆட்டோவைக் கூப்பிட்டு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் துணியைப் பிரித்தார்.

"இதை இவ்வளவு தூரம் விட்டிருக்கக் கூடாதுங்க. விரலை எடுத்தாகணும். கொஞ்ச நாள் முன்னாடின்னா யூனிவர்சிட்டி மேடம் ஒருத்தங்ககிட்ட அனுப்பியிருப்பேன். ஒரு கட்டு போடுவாங்க, நான் அனுப்பின நாலஞ்சு பேருக்கு ஆறியிருக்கு. இப்ப அதை இழுத்து மூடிட்டாங்களாம். ஏதோ கமிட்டியாம். எவனோ பிஸ்கட் விக்கறவன் சொன்னானாம், கேட்டாங்களாம். இதுங்களையெல்லாம் எங்கிருந்துதான் பிடிக்கறாங்களோ!"

எதற்கும் ஒரு வார்த்தை வைத்திருக்கும் மனைவி, சுவரில் மாட்டியிருந்த கண் பரிசோதனை அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார் என்ன வேலையில இருந்தீங்க?" என்று டாக்டர் எழுதிக்கொண்டே கேட்டார்.

முன்னாள், வாழ்க்கையில் முதல்முறையாக, ஒரே வார்த்தையில் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார்.

"ரிட்டயர்டு."

வீட்டுக்கு வந்ததும் அந்தப் பேராசிரியருக்குத் தொலைபேசி போட்டார். மறுமுனையில் பின்னால் ஏதோ இயந்திரம் கடகடத்துக்கொண்டிருந்தது.

"அந்தக் கட்டு... ஒண்ணே ஒண்ணு மிச்சம் இருக்குமாம்மா?"

"இல்லையே சார். அறையைக் காலி பண்றப்போ குளிர்ப்பெட்டியை அணைச்சுட்டாங்க. எல்லாம் கெட்டுப்போச்சு." இயந்திரச் சத்தம் கொஞ்சம் தள்ளிப் போனது. "அன்னிக்கே கேட்டேனே சார்." குரலில் கோபமில்லை, வருத்தம்தான் இருந்தது. அதுதான் அவரைச் சுட்டது.

"இப்ப நீ எங்கம்மா இருக்கே?"

"பிஸ்கட் கம்பெனியில. உங்க பழைய கம்பெனிதான் சார். மொறுமொறுப்பு சரியா இருக்கான்னு பார்க்கற வேலை. சுலபமா எடுத்துக்கலை. பிஸ்கட்ல முன் அனுபவம் இருக்கான்னு ரொம்பத் துருவினாங்க. அனுபவம் இல்லாதவங்களை எப்படி நம்பி விடறதுன்னு கேட்டாங்க. நியாயம்தானே சார்?"

பின்னே? பிஸ்கட் என்ன ஆராய்ச்சியா, யார் வேண்டுமானாலும் கைவைப்பதற்கு?

விரல் போனது. இனி அவர் திருந்தியிருப்பார், குழுவிலிருந்து விலகியிருப்பார் என்று நினைக்கிறீர்கள். அவரும் விலக நினைக்கத்தான் செய்தார். ராஜினாமா வாசகத்தை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே, கைத்தடியை ஊன்றிக்கொண்டு அடுத்த கூட்டத்துக்குப் போனார். ஆய்வுக்கூடம் இருந்த அறையில் திரைச்சீலை அழகாக இருந்தது. பேங்க்காரர் சொல்லி முடித்தார், போலீஸ்காரர் சொல்லி முடித்தார், மைக்கு இவர் பக்கம் வந்தது. எழுந்தார். நாலு பேர் தன்னையே பார்க்கிற அந்த நிமிஷம் இருக்கிறதே, அதற்கு முன்னால் ராஜினாமாவாவது மண்ணாவது! முன்னாள்களையெல்லாம் வரிசையாகச் சொல்லி, கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு புதிதாக ஒன்றைச் சேர்த்தார்.

"தவிர, ஆறாத கால்புண் துறையில் நேரடி அனுபவம்."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. மருத்துவ ஆராய்ச்சி முழுவதற்கும் அவரையே தலைமை ஆலோசகராகப் போட்டார்கள். வலிக்கிறதா என்று ஒருத்தர் கேட்கவில்லை. வலித்தது. இல்லாத விரல்தான் அதிகம் வலித்தது. சொல்லத்தான் அந்தப் பெண் அங்கே இல்லை.

சிரிக்கிறீர்கள். நல்லது. ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இதைப் படித்துக்கொண்டு வரும்போதே, அந்தப் புண்ணுக்கு ஆரம்பத்திலேயே இன்னதைத் தடவியிருந்தால் பறந்திருக்குமே என்று உங்களுக்குள் ஒரு குரல் சொன்னதா, இல்லையா? பல்கலைக்கழகத்தை எப்படி நடத்த வேண்டும் என்று மனசுக்குள் ஒரு திட்டம்கூடப் போட்டீர்கள். நடுவில் ஓரிடத்தில், இந்தக் கதையை நாமாக இருந்தால் பாதியில் முடித்திருப்போம் என்றும் நினைத்தீர்கள். எழுதிப் பார்த்த அனுபவம் உண்டா என்று நான் கேட்க மாட்டேன். உண்டு என்றுவிட்டால் உங்கள் தகுதி போய்விடும்.

அழைப்பு எந்த நேரமும் வரலாம், தயாராக இருங்கள். தடித்த காகிதமாகப் பார்த்து வாங்குங்கள். ஷூ மட்டும் ஒரு சைஸ் பெரிதாக இருக்கட்டும்.