புலியாருக்குச் சர்க்கரை

ஒரு காட்டில் ஒரு புலிக்குச் சர்க்கரை வியாதி வந்தது. புலிக்கு எப்படி வரும் என்று கேட்கிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம். நரி பேசினால் நம்புகிறவர்கள் இதையும் நம்பலாம்.

காட்டோரத்தில் ஒரு விடுதி கட்டினார்கள். ஊரிலிருந்து மனிதர்கள் காற்று வாங்க வந்தார்கள். வந்த இடத்தில் காற்றைவிடப் பிரியாணிதான் அதிகம் வாங்கினார்கள். மிச்சத்தைப் பின்பக்கம் ஒரு குழியில் கொட்டினார்கள். வேட்டை கிடைக்காத ஒரு மழைநாளில் புலி அந்தக் குழியில் மூக்கை விட்டது. பிரியாணியில் கறி இருந்தது. அதற்கடியில் கேசரி இருந்தது. புலி பசித்தாலும் புல்லைத் தின்னாது என்பார்கள். கேசரியைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லிவைக்கவில்லை.

அதன்பிறகு புலி வேட்டைக்குப் போகவில்லை. எதற்குப் போக வேண்டும்? வயிறு தரையைத் தொட்டது. மான்கள் மூக்குக்கு நேரே மேய்ந்தாலும் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பப் படுத்துக்கொள்ளும்.

பிறகு தாகம் பிடித்தது. ஓடையில் வாயை வைத்தால் எடுக்காது. குடித்ததெல்லாம் வெளியே போக வேண்டுமல்லவா. புலி என்றால் மரத்துக்கு மரம் நீர் விட்டு எல்லை வகுக்கும். அதுதான் புலிகளின் பட்டா. நம் புலி நின்ற இடத்திலெல்லாம் வகுத்தது. இந்த மலை முடிந்து அடுத்த மலைச் சரிவு வரைக்கும் வகுத்துவிட்டது. அடுத்த மலையில் ஓர் இளம்புலி இருந்தது. நல்ல பசி, நல்ல பல். அது வந்து மோந்து பார்த்தது. யாரோ பெரிய ஆள் போலிருக்கிறது என்று திரும்பிப் போய்விட்டது.

மான்களுக்குப் பொற்காலம். உள்ளூர்ப் புலி ஓடாது, வெளியூர்ப் புலி வராது. கூட்டத்துக்குத் தலைவி வடிவு என்ற பெண்மான். அதன் கடைக்குட்டிக்குப் பிறவியிலேயே ஒரு கால் சூம்பல். வேறு காலமாக இருந்தால் அது ஒரு வாரம் தாங்கியிருக்காது. இப்போது நொண்டி நொண்டி வண்ணத்துப்பூச்சியை விரட்டிக்கொண்டிருந்தது.

கெடுத்தது டாக்டர் தேவாங்கு.

தேவாங்கு உடற்பயிற்சி ஆராய்ச்சியாளர். கை கால் எல்லாம் ஈர்க்குச்சி. ஒரு கிளையிலிருந்து அடுத்த கிளைக்குப் போக அரை நாள் ஆகும். விடுதி வாசல் புளியமரத்தில் உட்கார்ந்து மனிதர்களின் உடம்பையும் தீனியையும் நடையையும் வருஷக்கணக்காக ஆராய்ந்தது. கண் அப்படிப் பெருத்தது அதனால்தான். கெட்டிக்கார ஜீவன். நேர்மையும் உண்டு. அதுதான் தொந்தரவு.

புலி எல்லை வகுத்த மரத்தடியில் எறும்பு மொய்ப்பதைத் தேவாங்கு கண்டது. ஒரு எறும்பை எடுத்துத் தின்று பார்த்தது. இனித்தது. நேரே புலியிடம் போய்ச் சொல்லிவிட்டது: இது மனிதர் வியாதி, வந்தால் போகாது, ஆனால் அடக்கி வைக்கலாம், தினமும் காலையில் நடக்க வேண்டும், குழிப்பக்கம் போகக் கூடாது, இல்லாவிட்டால் முதலில் கண் போகும், பிறகு கால், பிறகு நீயே. புலிக்குக் கடைசி வார்த்தை நன்றாகப் புரிந்தது. மறுநாளே நடக்க ஆரம்பித்தது.

மழைக்காலம் முடிவதற்குள் வயிறு மேலேறியது. தாகம் போனது. தாகம் போனதும் எல்லை மரங்கள் காய்ந்தன. அடுத்த மலையின் உறுமல் கொஞ்சம் பக்கத்தில் கேட்டது. ஒருநாள் நடை முடிந்து திரும்பிய புலி, நொண்டிக்குட்டிக்கு எதிரில் நின்று மீசையை நக்கிக்கொண்டது. “உன் பையன் நல்லா வளந்துட்டான் வடிவு,” என்றது. பாராட்டு மாதிரிதான் இருந்தது. வடிவு குட்டியைப் புதருக்குள் தள்ளிவிட்டது.

நேரே புளியமரத்துக்கு ஓடியது.

“டாக்டரே, நல்லா இருந்த புலியை ஏன் இப்படிப் பண்ணீங்க?”

“நல்லா எங்கம்மா இருந்துச்சு? அதுக்கு வியாதி.”

“வியாதி அதுக்கு. அதுதான் எங்களுக்கு ஆரோக்கியம்.”

தேவாங்கு கண்ணை மூடித் திறந்தது. அதற்கே கொஞ்ச நேரமானது. பொய் சொல்ல மாட்டேன், நோயாளிக்குத் துரோகம் பண்ண மாட்டேன் என்று மாநாட்டில் பேசுவது போல நீளமாகப் பேசியது. வடிவு பொய் சொல்லச் சொல்லவில்லை. ஒரு சந்தேகம் மட்டும் கேட்டது. இந்த மனிதர்களும்தானே காலையில் நடக்கிறார்கள். புலிக்குக் குறைந்தது இவர்களுக்கு ஏன் குறையவில்லை?

ஆராய்ச்சிக்காரனிடம் அவன் ஆராய்ச்சியைப் பற்றிக் கேட்டால் வீட்டுச் சாவியையும் சேர்த்துக் கொடுத்துவிடுவான். விடிகிற நேரத்தில் வந்து பார் என்றது தேவாங்கு.

வடிவு வந்து புதரில் நின்றது. மனிதர்கள் கான்வாஸ் ஷூ மாட்டிக்கொண்டு, கையை வீசி, விடுதிப் பக்கத்து ஏரியை ஒரு சுற்றுச் சுற்றினார்கள். சுற்று டீக்கடையில் முடிந்தது. மசால் வடை அப்போதுதான் சட்டியிலிருந்து வந்தது. தொந்தி போட்ட ஒருவர் வேண்டாம் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். “அண்ணாச்சி, அதான் நடந்தாச்சுல்ல,” என்றார் பக்கத்தில் நின்றவர். அண்ணாச்சி ஒன்று எடுத்தார். பிறகு அதற்குத் துணையாக ஒன்று.

“பாத்தியா? நடந்தது பூரா வடைக்குள்ள போயிருச்சு,” என்றது தேவாங்கு. “இதைத்தான் கட்டுரையா எழுதப் போறேன்.”

“எழுதுங்க டாக்டரே, எழுதுங்க,” என்று சொல்லிவிட்டு வடிவு நடையைக் கட்டியது.

போனது குரங்குத் தலைவன் சடையனிடம். புலியின் நடை முடிகிற பாறையில் தினமும் போண்டா, வடை, கேசரி இருக்க வேண்டும் என்றது. விடுதிச் சமையலறை ஜன்னல் எங்கே என்று சடையனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கூலியும் கேட்கவில்லை. குரங்குக்குத் திருடச் சொன்னாலே போதும், கூலி கொடுத்த மாதிரி.

முதல் நாள் புலி பார்த்தும் பாராமல் போனது. அடுத்த நாள் நின்றது.

“டாக்டர் குழிக்குத்தானே போக வேண்டாம்னாரு,” என்றது சடையன், இடுப்பைச் சொறிந்துகொண்டே. “இது பாறை.”

“எண்ணெய்ப் பலகாரம் ஆகாதாமேடா.”

“உக்காந்து திங்கறவனுக்கு ஆகாது. நீங்க நடந்துல்ல வந்திருக்கீங்க.”

புலி யோசித்தது. நியாயமாகத்தான் பட்டது.

அதன்பின் புலி ஒருநாள் கூட நடையைத் தவறவிடவில்லை. ஒரு காட்டுப்பன்றியும் ஒரு முள்ளம்பன்றியும் துணைக்குச் சேர்ந்தன. யாருக்கு முழங்கால் வலி, மருந்துக்கு யார் எந்த மரப்பட்டையைக் கடிக்கிறார்கள் என்று பேசிக்கொண்டே நடப்பார்கள். நடை குறைந்தது, பேச்சு வளர்ந்தது, பாறையில் உட்காருவது எல்லாவற்றையும்விட வளர்ந்தது. தேவாங்கு சோதிக்க வருகிறது என்று தெரிந்தால் புலி முந்தைய நாளிலிருந்தே பட்டினி கிடக்கும். மரத்தடியில் எறும்பு குறைவாக இருக்கும். டாக்டருக்குச் சந்தோஷம், நோயாளிக்கும் சந்தோஷம்.

மான்களுக்கும்தான். ஆனால் கை மிஞ்சிவிட்டது. கோடையில் புலி ஒரு முள்ளை மிதித்தது. புண் ஆறவில்லை. கண் மங்கியது. எழுந்திருக்க முடியாமல் ஒரே மரத்தடியில் கிடந்தது. மற்ற மரங்கள் எல்லாம் காய்ந்தன. சடையன் கை தட்டிச் சிரித்தது. மான்குட்டிகள் குதித்தன. வடிவு மட்டும் மலைச்சரிவைப் பார்த்தது. இளம்புலி பாதி தூரம் இறங்கி வந்து உட்கார்ந்திருந்தது.

வடிவு மறுபடி புளியமரத்துக்கு ஓடியது. எப்படியாவது ஐயாவைக் காப்பாற்றுங்கள் என்று அழுதது. தேவாங்குக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் வந்தது. முள்ளைப் பிடுங்கிப் பச்சிலை வைத்தது. பாறையில் கிடந்த போண்டாவைப் பார்த்துவிட்டு அதை நிறுத்தச் சொன்னது. நடை இனிப் பத்தாது, கால் ஊன்ற முடிந்ததும் ஓட வேண்டும் என்றது. சும்மா ஓடு என்றால் எவன் ஓடுவான், முன்னால் ஏதாவது இருக்க வேண்டும் என்றும் சொன்னது.

“நான் இருக்கேன்,” என்றது வடிவு.

புண் காய்ந்ததும் வடிவு எதிரில் போய் நின்றது. பிடியுங்கள் பார்க்கலாம் என்றது. புலி ஒரு கண்ணைத் திறந்து மூடியது. அடுத்த நாள் எழுந்து நின்று, மூச்சு வாங்கி, உட்கார்ந்தது. வடிவு விடவில்லை. “உங்க அப்பா இருந்தா இந்நேரம் என் தோலைக் காயப் போட்டிருப்பாரு,” என்றது. புலிக்குச் சுருக்கென்றது. அன்றைக்கு ஓடியது. வாலைத் தரையில் இழுத்துக்கொண்டு ஓடினாலும் ஓட்டம் ஓட்டம்தான்.

அதிலிருந்து ஒரு முறை வந்துவிட்டது. மரத்தடியில் எறும்பு கூடினால் ஓட்டம், குறைந்தால் போண்டா. எறும்பைப் பார்ப்பது தேவாங்கு. என்ன செய்வது என்று முடிவு செய்வது வடிவு. புலி சாகவும் இல்லை, தேறவும் இல்லை. மரங்கள் ஈரமாகவே இருந்தன. இளம்புலி அலுத்துப்போய் மலையேறிவிட்டது. காடே நிம்மதியாக இருந்தது. எறும்புக்கு ஆராய்ச்சி தெரியுமா என்று மட்டும் யாரும் யோசிக்கவில்லை.

முதல் மழை விழுந்தது. மழை விழுந்தால் எறும்பு புற்றைவிட்டு வரும். எல்லா மரத்தடியிலும் வந்தது, புலி எட்டிப் பார்க்காத மரத்தடியிலும் வந்தது. தேவாங்கு பார்த்துப் பயந்தது. வடிவும் பயந்தது. போண்டா அடியோடு நின்றது. காலையிலும் ஓட்டம், மாலையிலும் ஓட்டம். எறும்போ கூடிக்கொண்டே போனது. வடிவும் ஓட்டத்தைக் கூட்டிக்கொண்டே போனது.

ஒரு காலையில், முன்னால் ஓடிய வடிவுக்குப் பின்னால் மூச்சு கேட்டது. வழக்கமாக இரைக்கிற மூச்சு. அன்று இரைக்கவில்லை. வடிவு உயிரைக் கொடுத்து ஓடியது. முதுகில் பாரம் விழுந்தது. மல்லாந்துவிட்டது. புதருக்குள்ளிருந்து நொண்டிக்குட்டி பார்த்துக்கொண்டிருந்தது.

புலியின் வாய் கழுத்துக்குப் பக்கத்தில் வந்தது.

“போண்டா வச்சது நீதானே.”

வடிவு புதரில் நின்ற குட்டியைப் பார்த்தது.

“நிறுத்தினதும் நீதான்.”

“ஆமாங்கய்யா.”

“எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியாக்கும்.”

புலி அப்படியே நின்று யோசித்தது. இதைத் தின்றால் ஒரு வேளைக்கு ஆகும். நாளைக்கு இன்னொன்றை விரட்ட வேண்டும். நாளைமறுநாள் இன்னொன்றை. சாகிற வரைக்கும் வேலை. பச்சைக் கறி, அதில் உப்பும் இல்லை. நோயாளியாக இருந்தபோது காடே வந்து காலைத் திருப்பிப் பார்த்தது, தூங்கினாயா என்று கேட்டது, முன்னால் ஓடிக் காட்டியது. திடமாக இருக்கிற புலியை எவன் விசாரிக்கிறான்? பார்த்தால் ஓடுகிறான்.

புலி பாதத்தை எடுத்தது. பக்கத்தில் மெல்லப் படுத்துக்கொண்டது.

“வடிவு, எனக்கு லேசா தலை சுத்துது. டாக்டரைக் கூப்பிடு,” என்றது.

ஆள் போனது. தேவாங்கு மறுநாள் மத்தியானம் வந்து சேர்ந்தது. நாக்கை நீட்டச் சொன்னது. புலி நீட்டியது. நொண்டிக்குட்டி பக்கத்தில் வந்து நின்று, நாக்கு எப்படி இருக்கிறது என்று அதுவும் எட்டிப் பார்த்தது.

நீதி: உன்னைத் தின்னக் கூடியவன் நீடூழி வாழட்டும், நோயில்லாமல் மட்டும் வாழ்ந்துவிடக் கூடாது.