மாம்பழம் நறுக்கிய பட்டாளத்துக் கத்தி

புத்தலப்பட்டு,
புதன்கிழமை.

எல்லையில் நிற்கும் மச்சான் சிட்டிபாபுவுக்கு, உன் அக்கா புருஷன் தாமோதரன் எழுதிக்கொள்வது. இங்கே ருக்மணியும் நானும் உடம்பால் சுகம். மனசைப் பற்றிக் கேட்காதே. நீ நலமாயிருக்க வேண்டிக்கொள்கிறேன், கோபத்தோடுதான்.

போன லீவில் நீ அன்பளிப்பாகக் கொடுத்த சண்டைக் கத்தியால் நம் பெண் கீர்த்தியின் சம்பந்தம் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை திருச்சானூரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். பையன் நிதின், அப்பா கிருஷ்ணப்பா, அம்மா சுலோச்சனா. மச்சான் பட்டாளத்தில் இருக்கிறான் என்று காட்டிக்கொள்ளும் ஆசையில் உன் கத்தியை எடுத்து மாம்பழம் நறுக்க உட்கார்ந்தேன். அதன் முதுகு அவ்வளவு கனம்; நறுக்கவில்லை, பழத்தைப் பிளந்தது. அடியிலுள்ள ரம்பப்பல் சதையை நார்நாராக இழுத்து அந்த அம்மாவின் பட்டுப்புடவையில் தெளித்தது. பேச்சை மாற்றக் கத்தியின் அருமையை விளக்கினேன். மின்னினால் எதிரி பார்த்துவிடுவான், அதற்குத்தான் கறுப்புப் பூச்சு என்றேன். "மாம்பழத்துக்கு ஏதுங்க எதிரி?" என்று முணுமுணுத்தாள் உன் அக்கா. பிடியின் கடைசிவரை ஒரே எஃகு, மேலே சொரசொரப்பான ரப்பர், கை நனைந்தாலும் வழுக்காது என்றேன்.

"கை எதுனால நனையும்?" என்றார் கிருஷ்ணப்பா.

"ரத்தத்துல" என்றேன். எனக்குப் பொய் வராதே!

அதைச் சமாளிக்க, பிடியின் நுனி கண்ணாடியை உடைக்கும் என்று சொல்லி லேசாகத்தான் தட்டினேன். டீபாய்க் கண்ணாடி மொத்தமும் சரிந்தது. "பஸ்ஸு வந்துகினு இருக்கும், கெளம்புறோம்" என்று எழுந்துவிட்டார்கள். காரில் வந்தவர்கள், மச்சான்!

மூன்று நாளாகப் போன் இல்லை. கீர்த்தி அறையை விட்டு வருவதில்லை. ருக்மணி சோறு போடுகிறாள், பேசுவதில்லை. இனி லீவுக்கு வெறுங்கையோடு வா.

குளிரில் உடம்பைப் பார்த்துக்கொள். பத்மாவதித் தாயார் உன்னைக் காக்கட்டும்.

இப்படிக்கு,
தாமோதரன்.

பி.கு.: உறையை ஒட்டப் போகையில் கீர்த்தி வந்தாள். "மாமா மேல பழி போடாத நைனா. எனக்கு இஷ்டம் இல்லன்னு முந்தின நாளே நிதினுக்குப் போன்ல சொல்லிட்டேன். வரேன்னு சொன்னதுக்கு மரியாதையா வந்துட்டுப் போறோம்னாரு" என்றாள்.

"என்கிட்ட ஏம்மா சொல்லல?"

"பயமா இருந்துச்சி."

"இந்தக் கத்திய பாத்தா?"

"இல்ல நைனா. உன்ன பாத்து."

மேலே உன்னைத் திட்டியதையெல்லாம் அடித்துவிட்டுப் படி, மச்சான். அவள் இன்னும் எதிரிலேயே நிற்கிறாள். என்ன சொல்வதென்று தெரியாமல்தான் உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.