வலது பக்கம் திரும்பாத டிரெய்லர்

கண்ணாடியில் பார்த்தபோது, பின்னால் வர வேண்டிய டிரெய்லர் பக்கத்தில் வர ஆசைப்படுவது போலிருந்தது. சர்வேயர் காரை ஓரங்கட்டி, டிரெய்லர் வாடகைக் கடைக்கார அம்மாவுக்குப் போன் போட்டார். வழியில் சந்தேகம் எது வந்தாலும் உடனே கூப்பிட வேண்டும் என்பது கடை விதி. அவர் விதியை மீறாத மனிதர்.

"அம்மா, ஆடுது."

"என்ன வேகம் சார்?"

"எழுபது."

"டிரெய்லரோட எழுபதா! ஐம்பதைத் தாண்டாதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே. ஆடும்போது பிரேக்கை அமுக்கினீங்களா?"

"இல்லம்மா. நீங்க சொன்னபடி ஸ்டியரிங்கை நேராப் பிடிச்சுக்கிட்டு, காலை மெல்ல எடுத்துட்டேன்."

"நல்லவேளை. பாரம் பின்னால ஜாஸ்தியா இருக்கும். கொஞ்சம் முன்னால தள்ளுங்க. உள்ள என்னன்னு சொன்னீங்க?"

"மக வீட்டுக்குச் சாமான். கண்ணாடி அலமாரி."

"அப்போ பதமாத் தள்ளுங்க சார்."

சர்வேயர் தார்ப்பாய்க்குள் புகுந்தார். முப்பது வருஷம் ஊரார் நிலத்தை அங்குலம் பிசகாமல் அளந்தவருக்கு, 'கொஞ்சம்' என்றால் எவ்வளவு என்று பிடிபடவில்லை. மொத்தத்தையும் முன்னால் தள்ளிவிட்டார். காரின் பின்பக்கம் உட்கார்ந்தது, மூக்கு எழுந்தது. சாலை இருக்க வேண்டிய இடத்தில் வானம் தெரிந்தது. இரண்டு காக்கைகள் மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டன.

பக்கத்து சீட்டில் டிபன் டப்பா, பெல்ட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மனைவி போன பிறகு அந்த இடம் அதற்குத்தான்.

"அம்மா, கார் மேல பாக்குது."

"எல்லாத்தையுமா தள்ளினீங்க? பாதியைப் பின்னால கொண்டு போங்க. கொக்கியில ஓரளவு பாரம் இருந்தாப் போதும். அப்படியே காரையும் டிரெய்லரையும் சேர்த்துக் கட்டுற சங்கிலி தரையில தேயுதா பாருங்க."

தேய்ந்தது. இரண்டு சங்கிலியில் ஒன்றுதான் தேய்ந்தது. அநியாயமாக மற்றதைத் தண்டிப்பானேன் என்று, குற்றவாளியை மட்டும் இழுத்துக் கட்டினார். அதன் பிறகு வண்டி இடது பக்கம் மட்டுமே திரும்பியது. மகள் வீடோ வலது பக்கம்.

சர்வேயர் அசரவில்லை. மூன்று இடது சேர்ந்தால் ஒரு வலது. அவர் படித்த கணக்கு. ஒவ்வொரு வலதுக்கும் ஒரு தெருவையே சுற்றினார். நாலாவது முறை ஒரே சலூனைக் கடந்தபோது, சலூன்காரர் சீப்போடு வெளியே வந்து, "சாப்பிட்டாச்சா சார்?" என்றார். அந்த மாதத்தில் அவரை அப்படிக் கேட்ட முதல் ஆள். ஐந்தாவது முறை அந்தப் பக்கம் போக அவசியமே இல்லை. போனார்.

"அம்மா, வலது பக்கம் திரும்ப மாட்டேங்குது."

மறுமுனையில் சிரிப்பு. "ஒரு சங்கிலியை மட்டும் குறைச்சீங்களாக்கும்! ரெண்டும் ஒரே அளவு இருக்கணும் சார். பெருக்கல் குறி மாதிரி குறுக்கா மாட்டணும். மாட்டிக்கிட்டுத் திரும்பி வந்துடுங்க, இன்னிக்கு இது போதும். ஆறு மணிக்குக் கடை சாத்திடுவேன்."

அந்தக் கடைசி வாக்கியம்தான் அவரை அடித்துப் போட்டது. கடை சாத்திவிட்டால் நேராக வீட்டுக்குத்தான் போக வேண்டும். வீட்டில் அவரோடு பேசுவது ஃபிரிட்ஜ் ஒன்றுதான், அதுவும் விடிய விடிய ஒரே பேச்சு. ஆனாலும் ஐம்பதைத் தாண்டவில்லை. சொன்னவர் அந்த அம்மா ஆயிற்றே.

போய்ச் சேர்ந்தபோது ஆறு இருபது. கடை திறந்திருந்தது. அந்த அம்மா கையில் சாவிக்கொத்து, மேஜையில் மூடி வைத்த இரண்டு டம்ளர் டீ.

"கண்ணாடி உடையலையே சார்?"

"ஒரு கீறல் கூட இல்லம்மா," என்றார் சர்வேயர், தரையைப் பார்த்து.

டிரெய்லரின் பின்பக்கம் கடையின் பஞ்சர்காரர் தார்ப்பாயை விலக்கி எட்டிப் பார்த்துவிட்டுக் குரல் கொடுத்தார்:

"அக்கா, சாரோட செங்கல்லை இந்த வாரமும் இறக்காம, அடுத்த ஞாயித்துக்கிழமைக்கு அப்படியே வெச்சிடவா?"